பாதி ஏற்றிய லாரி

வீட்டில் யாரும் வேலையைப் பற்றிப் பேசக்கூடாது என்று முடிவெடுத்து இன்றோடு ஒன்பது நாள்.

போன வாரம் படித்தவர்களுக்குக் காரணம் தெரியும். சாப்பிடும்போது ஃபைலக்கா வாய் தவறி, அலுவலகத்துக்கு வந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். பெயர்கூடச் சொல்லவில்லை. மாமனாருக்கு அது போதும். முப்பது வருஷம் தபால்காரராக இருந்தவர். மூன்று பிள்ளைகள், வாசலில் ஓட்டை சைக்கிள் என்றாலே கதவு எண்ணைச் சொல்லிவிடுவார். நடைப்பயிற்சிக் கூட்டாளிகளிடம் சொல்லியும் விட்டார். இரண்டே நாளில் அந்தக் குடும்பத்து அம்மா அலுவலகத்துக்கு வந்து, ஃபைலக்காவின் மேசை முன்னால் நின்று அழுதுவிட்டுப் போனார்.

அலுவலகத்தில் இருந்து எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை வந்தது. வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாள் அவள் புருஷன் லாரிக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"இனிமே அவங்கவங்க வேலை அவங்கவங்க வாசலோட. நானும் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாத. அப்பா, உங்களுக்கும்தான்."

"எனக்கு என்னடா வேலை இருக்கு, சொல்றதுக்கு?" என்றார் மாமனார்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இது. வீடு பறிபோகும் நிலையில் இருப்பவர்கள் தெருவுக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஃபைலக்காவின் வேலை. வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசுவாள், அவகாசம் வாங்குவாள், மனு எழுதுவாள், வேறு வீடு தேடுவாள். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஃபைல். இப்போது கையில் முப்பத்தொன்று. லாரிக்காரருக்கு வேலை, வீடு மாற்றுகிறவர்களின் சாமானை ஏற்றி இறக்குவது.

"நீ ஆளுங்களை உள்ள பிடிச்சு வைக்கிற, நான் வெளிய கொண்டுபோறேன். ஒரே வீட்டுல ரெண்டு கடை" என்று கல்யாணமான புதிதில் சிரிப்பார். ஒன்பது நாளாக அந்தச் சிரிப்பும் இல்லை.

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கே லாரி கிளம்பிவிட்டது. மாமனாரும் பழைய செய்தித்தாள் கட்டோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். கண்ணாடி, பீங்கான் எல்லாம் சுற்றுவது அவர் பொறுப்பு. எங்கே போகிறார்கள் என்று கேட்க வாய் வரை வந்ததை ஃபைலக்கா விழுங்கிக்கொண்டாள்.

அவளுக்கும் அன்று முக்கியமான நாள். இரண்டு மணிக்கு தையலக்கா வீட்டில் ஆய்வு.

தையலக்காவும் அவர் புருஷன் பெயிண்டரும் பதினாறு வருஷமாக ஒரே கீழ்த்தள வீட்டில் இருக்கிறார்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பெயிண்டருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது வாக்கர் என்கிற நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடக்கிறார். வீட்டுச் சொந்தக்காரருக்கு அதை விற்க வேண்டும். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது.

ஃபைலக்கா ஆறு வாரம் அலைந்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். உடம்பு முடியாதவர் இருக்கும் வீடு என்பதால் மூன்று மாத அவகாசம் கிடைக்கும். அதற்குள் படியில்லாத வேறு வீட்டை அலுவலகமே பார்த்துக் கொடுக்கும். ஒரே நிபந்தனை, அதிகாரி வந்து பார்க்கும்போது அவர்கள் அங்கே குடியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் சாவியைக் கொடுத்துவிட்டால், 'தானாக வெளியேறியவர்' என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். அப்புறம் அவகாசமும் கிடையாது, வீடும் கிடையாது.

பத்து மணிக்கு ஞாபகப்படுத்தலாம் என்று போன் போட்டாள். மணி அடித்து நின்றது. பத்தரைக்கு ஒரு தரம், பதினொன்றுக்கு ஒரு தரம். ஐந்தாவது தரமும் எடுக்கவில்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பன்னிரண்டரைக்குத் தெருமுனையில் திரும்பியபோதே வீட்டு வாசலில் நின்ற லாரி கண்ணில் பட்டது. நம்ம லாரி மாதிரியே இருக்கே என்று நினைத்தாள். அப்புறம் கயிற்றைப் பார்த்தாள். அந்த ஊரில் அப்படி இரட்டை முடிச்சு போட்டு அதன் மேல் ஒரு சாக்கைத் திணிக்கிறவர் ஒருவர்தான்.

லாரியில் பீரோ, இரண்டு நாற்காலி, மெத்தை, தையல் மெஷின். மெஷின் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது.

லாரிக்காரர் அவளைப் பார்த்துவிட்டார். தோளில் இருந்த பெட்டியை மெல்லக் கீழே வைத்தார்.

"நீ எங்க இங்க?"

"அதை நான் கேக்கணும்."

"உன் ஆளுங்களா?"

"என் ஆளுங்கதான். எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?"

"நாலு நாளா. உனக்கு?"

"ஆறு வாரமா."

ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, ஒரே வீட்டை இவள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதுவும் வாக்குத் தவறாமல்.

"சாவியைக் கொடுத்துட்டாங்களா?" என்றாள்.

"இன்னும் இல்ல. வீட்டுச் சொந்தக்காரர் பையன் ஒரு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருந்தாரு. இப்போ போன் பண்ணி நாலு மணி ஆகும்ங்கிறாரு. நாங்களும் பத்து மணிக்கே கிளம்பியிருக்கணும். அப்பாவாலதான் லேட்டு."

உள்ளே மாமனார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா மருமகளே. இது ரெண்டு வருஷத்துக்கு முந்தின பேப்பர். அன்னிக்கு இந்த விஷயத்தை எப்படிக் கோட்டை விட்டேன்னு தெரியல."

"மாமா, காலையிலேருந்து எத்தனை டம்ளர் சுத்தினீங்க?"

"பதினொண்ணு. அவசரப்பட்டா உடைஞ்சிடும்மா."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனுஷனின் மெத்தனத்துக்கு அவள் மனசுக்குள் நன்றி சொன்னாள்.

தையலக்கா சமையலறையில் வெறும் அலமாரியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தரை ஏற்கெனவே பளபளவென்று இருந்தது. பெயிண்டர் சன்னல் ஓரம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"போன் பண்ணினேனே அக்கா. அஞ்சு தரம்."

"பார்த்தேன். எடுத்தா நீங்க போகாதீங்கன்னு சொல்வீங்க. அதான் எடுக்கல."

"இன்னிக்கு ரெண்டு மணிக்கு வந்து பார்க்கறாங்க. மறந்துட்டீங்களா?"

"மறக்கல." துடைப்பதை நிறுத்தவில்லை. "வீட்டுக்காரர் பையன் என்ன சொன்னாருன்னு தெரியுமா? நோயாளியைக் காட்டி இடத்தைப் பிடிச்சுக்கப் பார்க்கறாங்கன்னு. என் தம்பிகிட்ட சொல்லியிருக்காரு. அவன் வந்து சொல்லிட்டு அழுதுட்டுப் போனான். பதினாறு வருஷத்துல ஒரு மாசம் வாடகை தவறினதில்ல நான். இந்த வார்த்தையைக் கேட்டுட்டு நீங்கன்னா இருப்பீங்களா?"

ஃபைலக்கா குனிந்து ஃபைலைத் திறந்தாள்.

கையில் இருந்த ஃபைலில் பதினான்கு பக்கம் இருந்தது. டாக்டர் சான்று, நோட்டீஸ் நகல், நடைச் சட்டத்தோடு பெயிண்டரின் படம். எல்லாவற்றையும் கேட்டு வாங்கியிருந்தாள். நீங்கள் இங்கே இருக்க விரும்புகிறீர்களா என்று மட்டும் கேட்டதில்லை. அதற்கு ஒரு கட்டமே இல்லை அந்த ஃபாரத்தில். வீட்டில் இருக்க வைப்பது நல்லது என்று அவளே முடிவு செய்துவிட்டு, மற்றதை நிரப்பியிருந்தாள்.

"இருக்கமாட்டேன்" என்றாள் கடைசியில். "எனக்கும் கோபம் வரும். ஆனா எங்க போறோம்னு பார்த்துட்டுதான் போவேன். போற இடத்தை நீங்க பார்த்தீங்களா?"

"தம்பி பார்த்திருக்கான். தெரிஞ்சவங்க வீட்டு மேல்மாடியாம். காத்து நல்லா வருமாம். ஏழெட்டுப் படிதான், ரெண்டு பேரா பிடிச்சா இவர் ஏறிடுவாருன்னு சொன்னான்."

வாசலில் நின்றிருந்த லாரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

ஃபைலக்கா அதைக் கவனித்தாள். அவர் வேலை செய்யும் முறை அவளுக்குத் தெரியும். ஒரு வீட்டை ஒத்துக்கொள்வதற்கு முன்னால், இறக்கப் போகும் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பார்த்ததை யாரிடமும் சொல்லமாட்டார். வீடு மாற்றுகிறவர்களில் பாதிப் பேர் அவமானத்தோடு போகிறவர்கள். போகிற இடம் நாலு பேருக்குத் தெரியக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

"ஏங்க. நீங்க போய்ப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"எப்படியிருக்கு?"

"அதை நான் சொல்றதில்ல. உனக்குத் தெரியும்."

அவள் மேலே கேட்கவில்லை. கேட்டால் சண்டையாகும், சண்டையில் அவர் ஜெயித்துவிடுவார்.

லாரிக்காரர் கயிற்றை முழுக்கச் சுருட்டினார். திரும்பவும் பிரித்தார். அப்புறம் தையலக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மா, சாமானைப் பத்தி மட்டும் ஒண்ணு சொல்றேன். ஏத்தறவன் சொல்ல வேண்டியது. எட்டுப் படி ஏறினதும் ஒரு வளைவு இருக்கு. பீரோ அதுல திரும்பாது. அதை வெளியால கயிறு கட்டித்தான் தூக்கணும். கட்டிலைப் பிரிச்சிடலாம்னு இருந்தேன்."

"வளைவுக்கு அப்புறம்?" என்றார் தையலக்கா.

"அப்புறம் பதினாலு படி. செங்குத்தா. பிடிச்சுக்கக் கம்பி கிடையாது."

துணி தையலக்காவின் கையில் அப்படியே நின்றது.

சன்னலோரத்தில் இருந்து பெயிண்டர் பேசினார். வார்த்தை கொஞ்சம் குழறித்தான் வரும் அவருக்கு.

"கட்டிலைப் பிரிச்சுடலாம். என்னை?"

மாமனார்கூட பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

"சாரம் கட்டி அஞ்சு மாடி ஏறி வெள்ளையடிச்சவன் நான்" என்றார் பெயிண்டர். "என்னையும் பீரோ மாதிரி கயிறு கட்டி ஏத்திடுவீங்க. ஏறினா ஏறினதுதான். இறங்கறது, தூக்கிட்டுப் போறப்பதான்."

"வாயைக் கழுவுங்க" என்றார் தையலக்கா.

"நீ அலமாரியைக் கழுவிட்டே, நான் வாயைக் கழுவணுமா? காலையிலேருந்து சொல்லலாம்னுதான் பார்க்கறேன். நீ ரோஷத்துல இருந்த. உன் ரோஷத்துக்கு முன்னாடி நான் என்னிக்குப் பேசியிருக்கேன்?"

தையலக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. உள்ளங்கையால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டார்.

"அக்கா" என்றாள் ஃபைலக்கா. "நான் போகாதீங்கன்னு சொல்லல. நீங்கதான் முடிவு பண்ணணும். போறதா இருந்தா இவரு கொண்டுபோய் இறக்குவாரு, நான் குறுக்க நிக்கமாட்டேன். இருக்கறதா இருந்தா, இப்போ மணி ஒண்ணு. ரெண்டு மணிக்கு ஆள் வருது."

அவள் ஆறு வாரம் அலைந்தது எல்லாம் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் வாயில் இருந்து வரப்போகும் ஒரு வார்த்தையில் நின்றது. போய்க் கையைப் பிடித்து எழுப்பிச் சொல்ல வைக்கலாம்தான். கையை ஃபைலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

தையலக்கா எழுந்தார்.

"மெஷினை முதல்ல இறக்குங்க" என்றார் லாரிக்காரரிடம். "அது வெயில்ல நிக்கக்கூடாது."

இறக்குவது ஏற்றுவதைவிடச் சீக்கிரம் முடிந்தது. ஃபைலக்கா மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தாள். மாமனார் பதினொரு டம்ளரையும் பிரித்து அடுக்கினார். இந்த முறை எதையும் படிக்கவில்லை. பீரோவை அதன் பழைய இடத்திலேயே, தரையில் நிறம் மாறியிருந்த சதுரத்திலேயே, லாரிக்காரர் பொருத்தி வைத்தார்.

இரண்டு மணி அடிக்கும்போது மேலதிகாரி அம்மா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஃபைலக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். சுற்றிப் பார்த்தார். பெயிண்டரை நாலு அடி நடக்கச் சொல்லிப் பார்த்தார். ஃபாரத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தார்.

"வீட்டை ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க."

"ஆமாங்க" என்றார் தையலக்கா.

"கடைசிக் கேள்வி. கடந்த ஏழு நாள்ல சாமான் ஏதாவது வெளிய போச்சா?"

அந்தக் கேள்வி இருப்பது ஃபைலக்காவுக்குத் தெரியும். பீரோவைத் தள்ளும்போதே நினைவு வந்தது. போயிற்று என்றால் அன்றே முடியாது. விஷயம் முடிவெடுக்கும் குழுவுக்குப் போகும், அங்கே எப்படி வேண்டுமானாலும் திரும்பும். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். இப்போது எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. வாசலில் நிற்கும் லாரி யாருடையது என்றும் இந்த அம்மாவுக்குத் தெரியாது.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

"போச்சுங்க" என்றார் தையலக்கா. "இன்னிக்குக் காலையிலதான். பாதி ஏத்தியாச்சு. அப்புறம் அந்த மாடிப்படி இவருக்கு ஆகாதுன்னு தெரிஞ்சு நான்தான் இறக்கச் சொன்னேன். ஏமாத்தறாங்கன்னு ஒருத்தர் சொல்லிட்டாருன்னுதான் கிளம்பினேன். இப்போ நிஜமாவே ஏமாத்தினா அவர் சொன்னது சரின்னு ஆயிடும்."

மேலதிகாரி அம்மாவின் பேனா நின்றது. ஃபைலக்காவைப் பார்த்தார்.

இனி மிச்சத்தை அவள்தான் சொல்ல வேண்டும்.

"மேடம், அந்த லாரி என் வீட்டுக்காரரோடது. எனக்குப் பன்னிரண்டரைக்குத்தான் தெரியும். இறக்கும்போது நானும் கூடப் பிடிச்சேன்."

"உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொல்லலையா?"

"வீட்டுல வேலைப் பேச்சு பேசறதில்ல மேடம். உங்க கடிதம் வந்ததுலேருந்து."

மேலதிகாரி அம்மாவின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா எரிச்சலா என்று சொல்ல முடியவில்லை. ஃபாரத்தில் நாலு வரி எழுதினார்.

"திங்கட்கிழமை குழுவுல வைப்பேன். அதுவரைக்கும் இவங்க இங்கதான் இருப்பாங்க, சாவி யாருக்கும் கொடுக்க வேண்டாம். இந்த ஃபைல் இனிமே உங்ககிட்ட இருக்கக்கூடாது, வேற ஆள் பார்ப்பாங்க. போகவிருந்த இடம் இவருக்கு ஏத்ததில்லன்னு யாராவது வந்து சொன்னா உதவியா இருக்கும். பார்த்தவங்க சொல்லணும். கேள்விப்பட்டவங்க இல்ல."

பார்த்தவர் வாசலில் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

மேலதிகாரி அம்மா போனபின் தையலக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"நீங்க வரமாட்டீங்களா இனிமே?"

"வேற ஒருத்தங்க வருவாங்க அக்கா."

"நல்லவங்களா?"

"என்னைவிடக் கறாரு."

"அப்போ சரி" என்றார் தையலக்கா.

லாரியில் மூன்று பேரும் முன் சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாமனார் நடுவில்.

"திங்கட்கிழமை வருவீங்களா?" என்று மாமனாரின் தலைக்கு மேலாகக் கேட்டாள்.

"இருபத்தஞ்சு வருஷமா எந்த வீட்டைப் பத்தியும் வெளிய நான் வாயைத் திறந்ததில்ல."

"தெரியும்."

"அந்த அம்மாவோட தம்பிதான் என்னைக் கூப்பிட்டாரு. அவருக்கு எதிரா நான் போய் நின்னா, நாளைக்கு எவன் என்னை நம்பி வீட்டைத் திறந்துவிடுவான்?"

அவர் சொல்வது நியாயம்தான். அவளுடைய தொழிலும் அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

வீட்டுக்குப் போகிற வளைவு வந்தது. லாரி திரும்பவில்லை.

"எங்கடா போற?" என்றார் மாமனார்.

"படியை அளக்கணும். அன்னிக்கு டேப்பு எடுத்துட்டுப் போகல, கண்ணால பார்த்ததுதான். கண்ணளவை குழுவுல சொன்னா சிரிப்பாங்க."

ஃபைலக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தில் வந்த சிரிப்பை அவர் பார்த்தால் வீம்புக்கு லாரியைத் திருப்பிவிடுவார்.

அந்தத் தெரு குறுகலானது. லாரிக்காரர் வண்டியை முனையிலேயே நிறுத்தினார். நாலாவது வீட்டின் பக்கவாட்டில் படிக்கட்டு தெரிந்தது. சொன்னது போலவே செங்குத்து.

படியடியில் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தையலக்காவின் தம்பி என்று லாரிக்காரர் சொன்னார். மற்றவர் அவர் தோளில் கையைப் போட்டபடி, கழுத்தைச் சாய்த்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவரை லாரிக்காரருக்கு அடையாளம் தெரியவில்லை. போனில் பேசியதோடு சரி.

ஃபைலக்காவுக்குத் தெரிந்தது. நோட்டீஸ் விஷயமாக மூன்று தடவை எதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறாள். வீட்டுச் சொந்தக்காரரின் மகன், 'நோயாளியைக் காட்டி' என்று சொல்லித் தம்பியை அழ வைத்ததாகச் சொல்லப்பட்ட அதே ஆள்.

"டேப்பை உள்ளயே வைங்க" என்றாள் மெதுவாக. "கொஞ்ச நேரம் யாரும் இறங்காதீங்க."